மாத்திரை கவர்ல ஒரு சின்னச் சூரியன்

1/ மாத்திரை கவர்ல "1-0-1"னு எழுதிக் கொடுக்கிறோம். படிச்சவங்களே சில நேரம் குழம்பிடறாங்க. கண்புரை இருக்கிற, எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பாட்டிக்கு அது வெறும் கிறுக்கல். அதனால எங்க கிளினிக் கம்ப்யூட்டருக்கு ஐகான் வரையக் கத்துக்கிட்டேன். ஓவியம் சுத்தமா வராத ஒரு திருவண்ணாமலை டாக்டரோட நீள இழை இது.

2/ படம்தானே, எப்படி இருந்தா என்னன்னு கேட்கலாம். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோட போடணும். ராத்திரி சாப்பிடாம போட்டுட்டுப் படுத்தா தூக்கத்துலயே சர்க்கரை தாழ்ந்து போகலாம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் வாரத்துல ஒரே நாள்தான். அதையே தினமும் போட்டா வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குறது குறையும், உயிருக்கே ஆபத்து.

3/ எங்க ஏற்பாடு எளிமையானது. ஃபார்மசிஸ்ட் தம்பி திரையில காலை, மதியம், இரவு பட்டனை அழுத்துவார். அதே படம் ஸ்டிக்கர்ல அச்சாகி கவர் மேல ஒட்டும். திரையில 24 பிக்சல், ஸ்டிக்கர்ல 1 செ.மீ. ரெண்டுமே பொடிசு. பொடிசான இடத்துல ஓரம் பிசிறடிச்சா சூரியன் பூச்சி மாதிரி தெரியும்.

4/ பிசிறு எங்கிருந்து வருது? திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். சாய்ந்த கோடோ வளைவோ வந்தா சதுரங்கள் படிக்கட்டு மாதிரி அடுக்கும். அந்தப் படியை மறைக்க கம்ப்யூட்டர் ஓரத்துச் சதுரங்களுக்குச் சாம்பல் நிறம் பூசும். பெரிய படத்துல அது வழவழப்பு. 24 பிக்சல்ல அதுவே மங்கல்.

5/ அதனால பிக்சல் பிக்சலா வரையாம வெக்டர்ல வரையறேன். இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள், அது போதும். இதுல கோடுன்னா சில புள்ளிகளும் அதுக்கு நடுவுல ஓடுற வளைவும்தான். இந்த வளைவுக்கு பெசியே வளைவுன்னு பேர். 1960கள்ல ரெனோ கம்பெனி எஞ்சினியர் பியர் பெசியே கார் உடம்போட வளைவுகளை வரையப் பயன்படுத்தின கணக்கு. எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாது.

6/ புதுசா வர்றவங்க புள்ளியை அள்ளி வைப்பாங்க. எங்க சிஸ்டர் மார்கழி முழுக்க வாசல்ல சிக்குக் கோலம் போடறவங்க. என் தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டு, "விட்டு விட்டு இழுத்தா கோடு நடுங்கும் சார், ஒரே இழுப்பா இழுக்கணும்"னாங்க. வெக்டருக்கும் அதே விதி. முழு வட்டத்துக்கு 4 புள்ளி போதும்: மேல், கீழ், இடம், வலம். புள்ளி குறையக் குறைய ஓரம் வழுக்கிட்டு ஓடும்.

7/ அடுத்தது கட்டம். 1984ல வந்த மேகின்டோஷுக்கு ஐகான் வரைஞ்ச சூசன் கேர், கோட்டுத்தாள்ல 32-க்கு 32 கட்டம் போட்டு நிரப்பித்தான் தொடங்கினாங்க. இன்னைக்கும் கட்டத்தை மதிச்சா பாதிப் பிசிறு போயிடும். 1 பிக்சல் கோடு ரெண்டு சதுரத்துக்கு நடுவுல விழுந்தா ரெண்டுமே சாம்பலாகும். சதுரத்துக்குள்ள சரியா உட்கார்ந்தா கூரா நிக்கும். இங்க்ஸ்கேப்ல கட்டத்தோட ஒட்டவைக்கிற வசதி இருக்கு, அதை எப்பவும் போட்டே வைங்க.

8/ கோணமும் முக்கியம். நேர்கோடும் 45 டிகிரியும் சுத்தமா வரும், ஏன்னா 45-ல ஒவ்வொரு படியும் ஒரே அளவு. 10 டிகிரி மாதிரி லேசான சாய்வுதான் நீள நீளமா உடையும். என் சூரியனுக்கு 8 கதிர்: 4 நேர், 4 சாய்வு. தடிமனா, நடுவுல நல்ல இடைவெளியோட. மெல்லிசா 16 கதிர் போட்டா அழகுதான், ஆனா கண்புரைக்காரருக்கு அது ஒரு கறை.

9/ ஸ்டிக்கர் பிரிண்டர் தனி உலகம். எங்களோடது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி அடிக்கும் தெர்மல் பிரிண்டர். 1 செ.மீ. படத்துக்கு 80 புள்ளி. அதுக்குக் கருப்பு தெரியும், வெள்ளை தெரியும். சாம்பல் தெரியாது, மணலைத் தூவின மாதிரி ஆக்கிடும். அதனால சரியா 80 பிக்சல்ல, ஓர மென்மையாக்கல் இல்லாம, பி.என்.ஜி.யா எடுக்கிறேன். ஜேபெக் வேண்டாம், அது ஓரத்தைச் சுத்தி அழுக்கு விடும்.

10/ இப்ப பெரிய கேள்வி. காலைக்கு எந்தப் படம்? ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன்? தமிழ்நாட்டுல அது ஓட்டுச் சின்னம். சேவல்? 1989 தேர்தல் ஞாபகம் இருக்கிறவங்க இன்னும் வர்றாங்க. நம்ம அண்ணாமலையையே போட்டு அது மேல சூரியன்? கோயிலும் ஊரும் மலைக்குக் கிழக்கே. இங்கிருந்து பார்த்தா மலைப்பக்கம் சூரியன்னா சாயங்காலம். மேற்கே அடி அண்ணாமலையில இருக்கிறவருக்கு அதே படம் காலை. கிரிவலப் பாதை 14 கி.மீ.தான், அதுக்குள்ளயே அர்த்தம் தலைகீழ்!

11/ கடைசியில மலையே இல்லை. காலைக்குத் தட்டையான தரைக்கோடு மேல அரைச் சூரியன். மதியத்துக்கு முழுச் சூரியன். இரவுக்கு முழுக் கருப்புக் கட்டம், உள்ளே வெள்ளைப் பிறை. கண்ணாடி போடலைன்னாலும் கருப்புக் கட்டம் மட்டும் தனியாத் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவைன்னா 7 கட்டம், ஒண்ணு மட்டும் கருப்பு. கிழமையைப் பக்கத்துலயே பெரிய எழுத்துல போடறோம்.

12/ எளிமைக்குப் பாடம் வேணும்னா ரூபாய்க் குறியைப் பாருங்க. வரைஞ்சவர் நம்ம பக்கத்து கள்ளக்குறிச்சியில பிறந்த த. உதயகுமார். 2010 ஜூலை 15ல மத்திய அமைச்சரவை ஏத்துக்கிட்டது. மேல ரெண்டு படுக்கைக் கோடு, ஒரு வளைவு, ஒரு சாய்வு, அவ்வளவுதான். ரசீதுல கடுகளவு அச்சானாலும் ரூபாய்னு தெரியுது.

13/ சோதனை ரொம்பச் சுலபம். வரைஞ்சதும் 24 பிக்சலுக்குச் சுருக்குங்க, கையை நீட்டிப் பிடிங்க, கண்ணை இடுக்கிப் பாருங்க. எந்தக் கோடு காணாமப் போகுதோ அது முதல்லயே தேவையில்லை. அப்புறம் படிக்கத் தெரியாத ஒருத்தர்கிட்ட காட்டுங்க. "இது காலைதானே?"ன்னு கேட்காதீங்க, நம்ம மரியாதைக்காக ஆமான்னுடுவாங்க. "இதைப் பார்த்தா எப்பப் போடுவீங்கம்மா?"ன்னு கேளுங்க.

14/ எந்த ஐகானும் வாய்ச்சொல்லுக்கு மாற்று இல்லை. ஸ்டிக்கர் ஒட்டின பிறகும் சிஸ்டர் ஒவ்வொரு கவரையும் எடுத்துக் காட்டிச் சொல்லித்தான் அனுப்பறாங்க. வீட்டுக்குப் போனப்புறம், யாரும் பக்கத்துல இல்லாத ராத்திரியில, அந்தப் படம்தான் பேசணும். உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா இன்னைக்கு அவங்க மாத்திரை டப்பாவை எடுத்து வச்சு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பதில் தடுமாறினா அந்தக் கவரை எடுத்துக்கிட்டு உங்க டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோ பாருங்க.