பேளகொண்டப்பள்ளி விமானத்துக்கு ஓர் இடம்

போன மாதம் பேரனை பெங்களூர் எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். 2001-ல் திறந்தது. மத்திகிரியிலிருந்து கிளம்பினால் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டுவதுதான் பெரிய யாத்திரை! 1961-ல் முதன்முதலாகப் பறந்த மாருத் ரகப் போர் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன், "தாத்தா, நம்ம பேளகொண்டப்பள்ளி விமானம் எங்கே?" என்றான்.

நம் பக்கத்து ஊர் தனேஜா தொழிற்சாலையில் 1990-களில் ஆறு பேர் அமரும் பி-68 விமானம் செய்தார்கள். பிறகு ஹன்சா பயிற்சி விமானமும். "இது எச்.ஏ.எல். வீட்டுக் கூடம்டா, அவங்க பிள்ளைங்க படத்தைத்தானே மாட்டுவாங்க" என்று சமாளித்தேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு லெ பூர்ஜே பள்ளி நாளிலேயே பழகிய பெயர். 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திறங்கிய இடம். அங்கே 1937-ல் கட்டிய பயணியர் கூடத்தையே புதுப்பித்து, ஆரம்பகால விமானங்களை வைத்திருக்கிறார்கள்.

ஓசூருக்கு 2000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024-ல் சட்டசபையில் அறிவித்தார்கள் அல்லவா? வரைபடம் போடும்போதே ஒரு கூடம் ஒதுக்கும்படி மனு எழுதியிருக்கிறேன். ஊரார் மனுக்களுக்கெல்லாம் குறிப்பு எழுதிய கை, இப்போது தானே மனு எழுதுகிறது. அந்த விமானத்துக்கு ரிவெட் அடித்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது. விஷயத்தை உரக்கச் சொல்லி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன்.