உறுப்புக்குத் தீட்டு இல்லையா?

உடல் உறுப்பு தானப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்தில் ஒரு நர்சிங் மாணவி கேட்டார். மாணவர்கள் எல்லோரும் போடலாம் என்றார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர்தான் குறுக்கே வந்தார்: "உசுரோட இருக்கும்போது தொட்டா தீட்டு. செத்தப்புறம் ஈரல் மட்டும் தீட்டு இல்லையா தம்பி? பொணத்துக்கே வழி விடாதவன் நம்ம இதயத்துக்கு வழி விடுவானா?"

இதைப் படிக்காதவரின் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கலசபாக்கம் வட்டம் வீரளூரில், 2022 ஜனவரியில் என்ன நடந்தது? இறந்துபோன ஒரு பெண்ணின் உடலைப் பொதுச்சாலை வழியாக எடுத்துப் போக வேண்டும் என்று அருந்ததியர் மக்கள் கேட்டார்கள். அதற்காக அவர்கள் குடியிருப்பு தாக்கப்பட்டது. வீடுகளையும் வண்டிகளையும் உடைத்தார்கள்.

இதே தமிழ்நாட்டில்தான் 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவனின் இதயத்துக்காகச் சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடுத்தார்கள். அந்த இதயம் ஒரு சிறுமிக்குப் போனது. தானம் பற்றி ஊரெல்லாம் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2014-ல் இதற்கென்றே உறுப்பு மாற்று ஆணையம் வந்தது. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் தானம் கொடுத்தவர் காலனிக்காரராக இருந்தால், மரியாதை செய்ய வரும் அதிகாரி அந்த உடல் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டுமே?

மூளைச்சாவு என்பதையே நம் வீடுகளில் யாரும் நிதானமாக விளக்குவதில்லை. தலையில் அடிபட்டுக் கிடக்கிற பையனுக்கு வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மார்பு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். "இறந்துவிட்டார், கையெழுத்துப் போடுங்கள்" என்றால் எந்த அம்மா நம்புவார்? 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதித்து, குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்து உறுதி செய்ய வேண்டும். குடும்பம் மறுத்தால் உறுப்பை எடுக்க முடியாது. இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. ஐசியு வாசலில் தரையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இதை அவர்கள் மொழியில் சொல்ல ஆள்தான் வேண்டும். நர்சிங் படிக்கிற நம் பிள்ளைகள் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவே.

சரி, கொடுக்கிறோம். யாருக்குப் போகிறது? 2017-ல் தமிழ்நாட்டில் நடந்த இதய மாற்றுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வெளிநாட்டவருக்கு என்ற விவரம் 2018-ல் வெளியானது. பொருத்தமான இந்தியர் கிடைக்காதபோதுதான் கொடுத்தோம் என்று விளக்கம் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஏழை ஏன் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதுதான் என் கேள்வி. எடுத்த இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். கூப்பிட்டவுடன் வந்து சேரும் தூரத்தில் நோயாளி இருக்க வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ போய், அறை எடுத்து, துணைக்கு வந்தவர் கூலியை இழந்து மாதக்கணக்கில் காத்திருக்க முடியுமா? அறுவை சிகிச்சைக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை உதவும். அறை வாடகைக்கு உதவாது. உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேறு சாப்பிட வேண்டும்.

உயிரோடிருப்பவரின் சிறுநீரகம் என்றால் கதை இன்னும் மோசம். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுத்த ஆய்வு 2002-ல் வெளியானது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். ஆனால் நான்கில் மூன்று பேருக்கு அப்போதும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்த சிறுநீரகத் தரகு வெளிவந்தது. அங்கேயும் கடன்தான்.

பெரியவருக்கு நான் சொன்ன இன்னொரு செய்தி தென்னாப்பிரிக்காவைப் பற்றியது. 1968 ஜனவரி 2 அன்று கேப் டவுனில் கிளைவ் ஹாப்ட் என்பவரின் இதயத்தைப் பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளைக்காரப் பல் மருத்துவருக்குப் பொருத்தினார்கள். ஹாப்ட் நிறவெறி அரசால் 'கலப்பினத்தவர்' என்று ஒதுக்கப்பட்டவர். வெள்ளையருக்கு மட்டுமான இடங்களுக்கு அவர் உயிரோடு போக முடியாது. அவர் இதயம் போனது. அதனால் நிறவெறிச் சட்டம் ஒன்றும் தளர்ந்துவிடவில்லை. பெரியவர் தலையாட்டினார். "அப்ப நான் சொன்னது சரிதானே" என்றார்.

பாதி சரி. மீதிப் பாதியை அமெரிக்க மருத்துவ மாணவர்களிடம் பார்க்கலாம். அங்கே சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பர் என்றால் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார்கள். கெட்டுப்போன சிறுநீரகமும் தாளில் நல்லதாகத் தெரிந்தது. காத்திருப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் தாமதமாக ஏறியது. பல கல்லூரிகளில் மாணவர்கள் இதைக் கேள்வி கேட்டுப் போராடினார்கள். 2021-ல் இனம் இல்லாத சூத்திரம் வந்தது. 2023 முதல், பழைய கணக்கால் காத்திருப்புக் காலத்தை இழந்த கறுப்பின நோயாளிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மருத்துவமனைகளுக்கு உத்தரவானது. பாகுபாடு இருக்கிறதா என்று பார்க்க யாரோ கணக்கைத் திறந்தார்கள். நம் ஊரிலும் திறக்கச் சொல்வோம்: கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எந்த வகுப்பு, எந்த மாவட்டம், அரசு மருத்துவமனையா தனியாரா. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாணவியும் போட்டுவிட்டு, சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் என்பதால் அப்பா அம்மாவிடமும் பேசியிருக்கிறார். பெரியவர் இன்னும் போடவில்லை, கட்டாயப்படுத்த மாட்டோம். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்க இரண்டு மனு எழுதியிருக்கிறோம். ஒன்று மேலே சொன்ன எண்ணிக்கையைக் கேட்டு. இன்னொன்று, சுடுகாட்டுக்குப் பொதுப்பாதை மறுக்கப்படும் ஊர்களின் பட்டியலோடு. இரண்டாவதில் முதல் கையெழுத்து பெரியவருடையது. உங்கள் ஊர்ப் பெயர் விடுபட்டிருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.