ஒரு கோப்பை நுரைக்காக

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சமையலறைக்குள் நுழைந்தால் என் மனைவி வெளியே போய்விடுவார். "ஒரு தே தாரிக் போட ஒன்பது பாத்திரம். யார் கழுவுறது?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. நியாயமான கேள்விதான். தராசு, வெப்பமானி, துணி வடிகட்டி, இரண்டு எவர்சில்வர் குவளைகள், நேரம் பார்க்கக் கைப்பேசி, பக்கத்தில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். அதில் தேதிவாரியாகக் குறிப்புகள் இருக்கும். தூள் 12 கிராம், தண்ணீர் 200 மில்லி, 96 பாகை, ஐந்து நிமிடம், பால் 35 கிராம், ஏழு முறை ஆற்றியது. கடைசி வரியில் 'நுரை நின்ற நேரம்: 40 விநாடி' என்று எழுதியிருக்கும். அந்தக் கடைசி வரிதான் நான்கு வருடங்களாக என்னைத் தோற்கடித்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பொறியாளர் வேலை எனக்கு. அளக்காத எதையும் நம்பக்கூடாது என்று சம்பளம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். வீட்டிலும் அதே புத்தி.

இந்தப் பைத்தியம் பிடித்தது 2020-இல். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கடையில் உட்கார்ந்து குடிக்க முடியாமல் போனது. பொட்டலம் கட்டி வாங்கி வரலாம். ஆனால் நெகிழிப் பையில் கட்டிய தே தாரிக், வீடு வந்து சேர்வதற்குள் வெறும் பால் தேநீராகிவிடும். நுரை இல்லாத தே தாரிக்குக்கு அந்தப் பெயரே கிடையாது. 'தாரிக்' என்றால் இழுப்பது. இழுத்ததற்கு அடையாளம் நுரைதானே? சரி, நாமே ஆற்றிப் பார்ப்போம் என்று தொடங்கினேன். முதல் நாளே பாதித் தேநீர் அடுப்பு மேடையில்.

ருசி ஓரளவு சீக்கிரமே கைக்கு வந்தது. தூள் தேயிலையின் துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்வதால்தான் எவ்வளவு திடமாக வடித்தாலும் நாக்கை இழுக்காமல் இருக்கிறது. ஆற்றும்போது தேநீர் விழுகிற வேகத்தில் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்றைச் சுற்றி அதே புரதம் மெல்லிய தோல் போல் படிய, நுரை எழும்புகிறது. கூடவே சூடும் தணிந்து, வாய் வைக்கிற பதத்துக்கு வருகிறது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. படித்ததால் நுரை நிற்கவில்லை. கடையில் கோப்பையின் அடி வரை ஒட்டிக்கொண்டு வருகிற நுரை, என் வீட்டில் ஒரு நிமிடம் தாங்கியதில்லை.

எனக்குச் சிங்கப்பூரில் ஒரு பள்ளி நண்பன். அவன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான். அங்கே 2004 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ள அனுமதி உண்டு. அவனிடமும் என்னைப் போலவே தராசு, வெப்பமானி, நோட்டு, கோபித்துக்கொள்ளும் மனைவி. ஆனால் ஒரு வித்தியாசம். அவன் விடுப்பு எடுத்தால் தான் மதிக்கும் காய்ச்சுநர்களைத் தேடித்தான் போவான். பெல்ஜியத்தில் ஒரு சின்னக் கூடத்தின் வாசலில் இரண்டு மணி நேரம் நின்று, அந்த முதியவரின் கையைக் குலுக்கிவிட்டு வந்த கதையை என்னிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறான். ஐந்தாவது தடவை சொன்னபோது நடுவில் நிறுத்தி, "நீ சின்ன வயசிலேர்ந்து சொல்லுவியே ஒரு நானா, அவர்கிட்ட பேசினியா?" என்று கேட்டான். இல்லை. என் வீட்டிலிருந்து அந்தக் கடை கார் ஓட்டினால் அரை மணி நேரம்.

அந்தக் கடை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்றே சொல்லும் சாலை. ஒரு கோடியில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், தள்ளி வந்தால் ஊதுபத்திப் புகை மண்டிய குவான் யின் கோயில், அப்புறம் நகைக்கடைகள், பணம் மாற்றும் கடைகள், பள்ளிவாசல். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து இங்கே தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தானாக இருந்த காதர் மொகைதீன் 1801-இல் நிறுவியது. இருட்டினால் பள்ளிவாசலை ஒட்டிய நாசி கண்டார் கடைக்கு நீளும் வரிசையைப் பார்க்கலாம். அந்தக் கடைக்கு ஊர் வைத்த பெயரே 'பெராத்தூர்', அதாவது வரிசை.

துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, வெள்ளிக்கிழமை மாலையில் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு என்னை அழைத்துப் போவார். திரும்பும்போது அந்தச் சந்துக் கடையில் ஒரு தே தாரிக். எனக்குத் தட்டில் கொஞ்சம் ஊற்றித் தருவார். நான் தேநீரைப் பார்த்ததைவிட ஆற்றியவரைப் பார்த்ததுதான் அதிகம். மெலிந்த, இளம் வயது நானா. அவர் கை உயர்ந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கயிறு தொங்கும். கயிறு அறுந்து நான் பார்த்ததில்லை. என் நண்பர்களுக்குப் பந்து வீரர்கள் எப்படியோ, எனக்கு அவர் அப்படி.

நண்பன் கேட்ட மறுவாரம் கிளம்பினேன். நேரே அவரிடம் போகத் துணிவில்லை. முதலில் பந்தாய் வீதிப் பக்கம் வேறொரு கடையில், நல்ல பேர் வாங்கிய ஒருவரிடம் போய் நின்றேன். கையில் நீல நோட்டு. "அண்ணே, தூள் எத்தனை நிமிஷம் ஊறணும்?" என்றேன். அவர் நோட்டைப் பார்த்தார், என் சட்டைப் பையில் தொங்கிய தொழிற்சாலை அட்டையைப் பார்த்தார், "முதலாளி இல்ல, நாளைக்கு வாங்க" என்று உள்ளே போய்விட்டார். சுகாதார அதிகாரி என்று நினைத்துவிட்டார் போல. அன்றோடு நோட்டைக் காரிலேயே வைத்துவிட்டேன்.

சந்துக் கடைக்கு மூன்று வாரம் போனேன். மூன்று வாரமும் "தே தாரிக் ஒன்னு" என்பதற்கு மேல் வாய் எழவில்லை. நாற்பது வயதுக்கு மேல் இப்படியும் ஒரு கூச்சம் வருமா என்று எனக்கே சிரிப்பு. நானாவுக்கு இப்போது தாடி முழுக்க வெள்ளை. வலது மணிக்கட்டில் மருந்துக் கடையில் விற்கும் கறுப்புப் பட்டை. கயிறு மட்டும் அப்படியே.

நாலாவது வாரம் இஷா தொழுகைக்கு ஆட்கள் எழுந்து போய் மேசைகள் காலியான நேரத்தில், அவரே என் மேசையைத் துடைத்தபடி, "என்ன தம்பி, தினம் கோப்பைய உத்து உத்துப் பாக்குறீங்க. பூச்சி கீச்சி கெடக்கா?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா, தட்டு, நோட்டு, நாற்பது விநாடி எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "வீட்டுல என்ன பால் ஊத்துறீங்க?" என்றார் ஒரே வரியில்.

இருப்பதிலேயே விலை கூடிய, சுத்தமான பாலில் செய்த கெட்டிப்பாலின் பெயரைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காலி டின்னை எடுத்துக் காட்டினார். பாமாயில் சேர்ந்த இனிப்பு கிரிமர். மலிவான சரக்கு. "பால் விலை ஏறினப்போ எல்லாக் கடையும் இதுக்கு மாறிருச்சு. நீங்க தேடுற ருசி இந்த ருசி" என்றார். நான்கு வருடம் தராசில் நிறுத்திப் பார்த்துத் தேடிய ரகசியம், எங்கள் தாமான் மளிகைக் கடையில் கீழ்த் தட்டில் அடுக்கிக் கிடக்கிற டின்! கொஞ்சம் மனம் உடைந்தது, உண்மை.

"சரி, நுரை?"

"எத்தன தடவ ஆத்துறீங்க?"

"ஏழு."

"எண்ணாதீங்க. சத்தத்தக் கேளுங்க. தொடக்கத்துல தகரத்துல மழ பேயற சத்தம் வரும். நுர கூடக் கூட மணல்ல பேயற மாதிரி அமுங்கிரும். அமுங்குன ஒடனே நிறுத்திரணும். அதுக்கு மேல ஆத்துனா பெரிய பெரிய குமிழா வந்து ஒடஞ்சிரும், ஆறியும் போயிரும்."

உயரம் முக்கியமில்லையா என்று கேட்டேன். "அது வெள்ளைக்காரங்க போன எடுத்தா ஒரு முழம் கூட்டுறது" என்று சிரித்தார்.

காதால் தேநீர் போடும் இந்த வித்தையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பதினோரு வருடமாக அவர் தே தாரிக் குடிப்பதே இல்லையாம். சர்க்கரை வியாதி. முன்பெல்லாம் காலையில் முதல் கோப்பையைத் தானே ருசி பார்ப்பார். நாக்கு போனதும் நிறத்தையும் சத்தத்தையும் நம்ப வேண்டியதாயிற்று. கடையடைக்கும்போது அவர் குடிப்பது வெறும் வெந்நீர். "தே சி கோசோங் குடிக்கலாம்ல, சீனி இல்லாம?" என்றேன். "அது பால் கழுவுன தண்ணி" என்றார். அவ்வளவு வெறுப்பு.

பேச்சு வளர்ந்தது. கடையநல்லூரிலிருந்து 1986-இல் இருபத்திரண்டு வயதில் வந்தவர். வந்த வாரமே தண்ணி கலக்க நிறுத்திவிட்டார்கள். (நம் ஊரில் தேநீர், கோப்பி, மைலோ எல்லாமே 'தண்ணி'தான்.) நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள். நான் உற்சாகத்தில், 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நம் நாட்டுப் பசியாறும் பண்பாட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, நாசி லெமாக், ரொட்டி சானாயோடு தே தாரிக்கும் அதில் உண்டு என்று சொன்னேன். "அப்படியா? சம்பளம் கூடுமா?" என்றார். கிண்டலா, உண்மையான கேள்வியா தெரியவில்லை.

பிறகு, "வாங்க, ஒரு தடவ ஆத்துங்க" என்று உள்ளே கூப்பிட்டார். முப்பத்தைந்து வருடம் வெளியிலிருந்து பார்த்த மேடைக்குப் பின்னால் நின்றேன். உள்ளே அந்தச் சூடு தெரிந்தது. கொதிகலன் ஆவி நேரே முகத்தில். குவளையின் காது தொட முடியாத கொதிப்பு. நான் இழுத்த கயிறு மூன்றாவது முறையே அறுந்து புறங்கையில் ஊற்றியது. "ஸ்ஸ்" என்று உதறினேன். அவர் ஒரு ஐஸ் கட்டியை எடுத்து என் கையில் வைத்து அழுத்தியபடி கேட்டார்.

"படிச்ச புள்ள. நல்ல வேல. எதுக்கு இதக் கத்துக்குறீங்க?"

"சும்மா, ஒரு ஆசைக்கு நானா."

"ஆசைக்கா?" என்றார். இன்னொரு முறையும் அதையே சொன்னார். "எம் மவன் கோலாலம்பூர்ல கட்டட வேலைக்கு அளவு கணக்கு பாக்குறான். அவனை இந்தத் தட்டிக்கு உள்ள வரவிட்டதே இல்ல. ஒரு நாள் சின்னப் பையனா குவளையத் தூக்குனான். அடிச்சிட்டேன். அவன் நிக்கக் கூடாதுன்னுதான நான் நின்னேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் அப்பாவும் என்னைத் துறைமுகக் கேட்டுக்குள் விட்டதில்லை. நாற்காலி வேலையில் உட்கார்ந்துகொண்டு, வார இறுதிக்கு ஒரு பொழுதுபோக்காக அவருடைய மணிக்கட்டு வலியைக் கேட்டு வாங்க வந்திருக்கிறேன். 'உங்கள் ரசிகன்' என்று சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லாமலே காசு கொடுத்துவிட்டு வந்தேன். அவர் காசு வாங்கவில்லை என்பது வேறு விஷயம். நான் வைத்துவிட்டு வந்தேன்.

கிரிமர் டின்னும் சத்தமும் வீட்டில் வேலை செய்தன. நுரை நான்கு நிமிடம் நின்றது. "கடை தே மாதிரியே இருக்கு" என்று மனைவி சொன்னார். பாத்திரமும் மூன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் நோட்டில் அதை எழுதப் பெரிய விருப்பம் வரவில்லை. 'பால் கழுவுன தண்ணி' என்ற சொல்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. இனிப்புப் பாலை எடுத்துவிட்டால் இனிப்பு மட்டும் போவதில்லை, கனமும் போய்விடுகிறது. நாக்கில் உட்காராமல் ஓடிவிடுகிறது. அவர் சொன்னது அதைத்தான்.

தராசை மறுபடி எடுத்தேன். இந்த முறை ஒரு வேலையோடு. சீனி சேர்க்காத கெட்டியான ஆவிப்பால், அதில் கரைத்த முழுக்கொழுப்புப் பால்மாவு, வழக்கத்தைவிடத் திடமாக வடித்த சாயம், தட்டிப்போட்ட ஒரு ஏலக்காய். பால்மாவு கூடினால் மாவு வாடை, குறைந்தால் தண்ணி. இரண்டு மாதத்தில் இருபத்தாறு முறை. பாலில் இயல்பாக உள்ள சர்க்கரை எப்படியும் இருக்கும். ஆகவே அரைக் கோப்பைதான் கணக்கு. நானாவின் மனைவியிடமும் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். "மருத்துவர் பால் குடிக்கச் சொல்லிருக்காரு, அரைக் கோப்பைனா குடிக்கட்டும், கூட வேணாம்" என்றார் அவர், என்னையும் சேர்த்து மிரட்டும் குரலில்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கலந்ததைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குடுவையில் ஊற்றிக்கொண்டு போனேன். மறுபடியும் இஷா நேரம். விஷயத்தைச் சொல்லி மேடையில் வைத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். எதுவும் பேசாமல் தன் குவளைகளை வெந்நீரில் அலசி, குடுவையைக் கவிழ்த்து, தானே ஆற்றினார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தகரம், தகரம், பிறகு மணல். அவர் நிறுத்திய அதே கணத்தில் நானும் மனதுக்குள் நிறுத்தியிருந்தேன்.

அரைக் கோப்பை. நின்றுகொண்டே குடித்தார். மீசையில் நுரை ஒட்டியிருந்தது. கோப்பையைச் சாய்த்து அடியில் மிஞ்சியதைப் பார்த்தார்.

"சாயம் இன்னும் கொஞ்சம் ஏறணும் தம்பி. ஏலம் வேணாம், அது சாயத்த மறைக்குது" என்றார். அதற்குள் வெளியே யாரோ "நானா, தே தாரிக் ரெண்டு, ஒன்னு காவ்!" என்று குரல் கொடுக்க, கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.