இறக்கத்திற் கற்ற பாடம்

மலைநாட்டிற் பிறந்தவனுக்கு ஏற்றம் அச்சந் தருவதன்று. கொழுந்துக் கூடையாயினும் விறகுக் கட்டாயினும் சுமந்துகொண்டு ஏறிவிடுவான். மூச்சு வாங்கினால் நின்றுகொள்வான். அவனைச் சோதிப்பது இறக்கமே. ஏற்றத்தில் நிற்பதற்கு முயற்சி வேண்டியதில்லை. இறக்கத்தில் நிற்பதற்கே முயற்சி வேண்டும். இவ்வெளிய உண்மையை, ஒரு பழைய சைக்கிளுக்குப் புதிய பிரேக் பூட்டிய அனுபவத்தின் வாயிலாகவே நான் உணர்ந்தேன்.

வட்டகொடைப் புகையிரத நிலையத்திலிருந்து எங்கள் லயத்துக்குச் செல்லும் தோட்டப் பாதை கல் பெயர்ந்தது, வளைவுகள் மிகுந்தது. பேராதனையிலிருந்து வார இறுதியில் வீடு வரும்போது, மேலேயுள்ள அயல் டிவிஷனில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவது என் வழக்கம். அதற்காக வாங்கிய மலைச் சைக்கிள், என் கைக்கு வருமுன்னரே இருவரிடம் உழைத்தது. அதிலிருந்தது கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக். கைப்பிடியை அழுத்தினால், உறைக்குள் ஓடும் கம்பி இழுபட்டு, சக்கரத்தின் நடுவிலுள்ள உருக்குத் தட்டை இரு உராய்வுக் கட்டைகள் கவ்வும். வெயிற் காலத்திற் குறையில்லை. மழையிலோ உறைக்குள் நீரும் சேறும் புகும், கம்பி துருவேறும்.

2024 ஒக்டோபரில் ஒரு மழை மாலை. இறங்கி வருகையில் இரண்டாவது வளைவில் முன்கம்பி அறுந்தது. பின்சக்கரம் இறுகி வழுக்கிற்று. என்னைத் தாங்கிக்கொண்டவை தேயிலைச் செடிகள். முழங்கையில் ஐந்து தையல். சேற்றில் வழுக்கி விழுந்ததாக அம்மாவிடம் கூறினேன். கம்பி அறுந்த கதையைக் கூறவில்லை. கூறியிருப்பின் வகுப்பும் நின்றிருக்கும், சைக்கிளும் போயிருக்கும்.

மலைச் சைக்கிளின் வரலாறே பிரேக்கின் தோல்வியோடு தொடங்குவது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரருகே, இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களில் மண்பாதையொன்றில் இறங்கிப் போட்டியிட்டனர். முதற்போட்டி 1976 ஒக்டோபர் 21ஆந் திகதி நடந்தது. மிதியைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் அக்காலப் பிரேக், அவ்விறக்கத்திற் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கியபின்னும் கிறீஸை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. மீண்டும் அடைத்தல் என்னும் பொருளில் அப்பாதைக்கு ‘ரீபெக்’ என்றே பெயர் நிலைத்தது. அங்கு அது விளையாட்டு. இங்கு வேலை முடிந்து வீடு திரும்பும் வழி. ஆயினும் சரிவின் நியதி இரு மலைகளுக்கும் ஒன்றே.

வகுப்புப் பணத்தைச் சேர்த்து, 2025இன் தொடக்கத்திற் கண்டியில் ஒரு கடையிலிருந்து ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் ஒரு சோடி வாங்கினேன். விலை 27,000 ரூபா. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியப்படுவதைப் ‘பேர்’ என்பார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா. அட்டை கடித்த கால்களுடன் அம்மா மலையில் நின்று ஈட்டும் இருபது முழுப்பேர், ஒரு சிறு அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அம்மா விலை கேட்டபோது ஏழாயிரம் என்றேன். அது இரண்டாவது பொய்.

இப்பிரேக்கின் தத்துவம் பழையது. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அமுக்கம் எங்குங் குறையாது பரவும் என்ற பஸ்காலின் நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், வெளிவந்தது. கைப்பிடியிலுள்ள சிறிய முசலம் எண்ணெயை அமுக்க, சக்கரத்தருகேயுள்ள பெரிய முசலங்கள் பன்மடங்கு விசையோடு தட்டைக் கவ்வுகின்றன. துருவேறக் கம்பி இல்லை. கட்டை தேயத் தேய முசலம் தானே முன்நகர்ந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும்.

பூட்டுவதோ அத்துணை எளிதன்று. தட்டின் ஆறு திருகாணிகளையும் எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கினேன். கவ்வியைத் தளர்வாக வைத்து, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே அதன் திருகாணிகளை முடுக்கினேன். அப்போதுதான் கவ்வி தட்டுக்கு நேர்நடுவில் அமையும். பின்பிரேக்கின் குழாய் நீளமாயிருந்தமையால் வெட்டிக் குறுக்கினேன். அங்கேதான் பிழைத்தது. வெட்டிய வாய்வழியே காற்றுப் புகுந்தது. கைப்பிடி பஞ்சுபோல் அமுங்கி ஹாண்டிலைத் தொட்டது, சக்கரமோ சுழன்றுகொண்டேயிருந்தது. திரவம் சுருங்காது, காற்றுச் சுருங்கும். கையின் விசை முழுவதையும் அச்சிறு குமிழிகள் விழுங்கிவிட்டன.

பஜாரில் லொறி திருத்தும் அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்தார். “ஒயிலுன்னா ஒயிலுதான் தம்பி, நம்மகிட்ட இருக்கிறதையே ஊத்துவோம்” என்று லொறிப் பிரேக் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார். கைப்பிடியிலோ மினரல் ஒயில் மட்டும் என்று பொறித்திருந்தது. லொறியின் எண்ணெய் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது; இதனுள் ஊற்றினால் இறப்பர் வளையங்கள் பழுதாகும். இதனைச் சொன்னதும் அவர் கோபிக்கவில்லை. “அப்ப சரியானது வரட்டும், பொறுப்போம்” என்றார்.

உரிய எண்ணெய் கண்டியிலிருந்து வர ஒரு வாரம் சென்றது. உராய்வுக் கட்டைகளைக் கழற்றி அப்புறம் வைத்துவிட்டு, கவ்வியிலிருந்து ஊசிக்குழாயால் எண்ணெயை மேலே செலுத்தினோம். கைப்பிடியின் வாயிற் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து வெடித்தன. குமிழி நின்றதும் கைப்பிடி கல்லாய் இறுகிற்று. கட்டைகளைப் பூட்டி, மிதமான வேகத்தில் ஓட்டி இருபது தடவை மெல்ல மெல்ல நிறுத்தினேன். புதிய கட்டை தட்டோடு பழக அவ்வாறு செய்தல் வேண்டும்.

அன்றிரவு, தோய்க்க எடுத்த என் சட்டைப் பையில் அம்மா கடைச் சிட்டையைக் கண்டுவிட்டார். ஏசவில்லை. விரல்விட்டு எண்ணினார். “இருபது பேரு” என்றார், வேறெதுவும் கூறவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அறுந்த கம்பியின் கதையை அப்போதுதான் சொன்னேன். நெடுநேரம் என் முழங்கைத் தழும்பையே பார்த்திருந்தார்.

“அத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாய்யா? சொல்லியிருந்தா நானே சீட்டுக் காசுல வாங்கித் தந்திருப்பேனே” என்றார். சற்றுப் பொறுத்து, “மழையிலயும் நிக்குமா?” என்று கேட்டார்.

மறுநாள் மழை பெய்தது. மேலிருந்து இறங்கினேன். கீழே லயத்து வாசலிற் சாக்கைத் தலையிற் போர்த்துக்கொண்டு அம்மா நின்றார். இரண்டாவது வளைவில் இரு விரலால் அழுத்தினேன், சைக்கிள் நின்றது. அம்மா சாக்கைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அவருக்கும் எனக்குமிடையே நான் புகவிட்ட காற்று நான்கு மாதம் இருந்தது. குழாயிலிருந்ததை வெளியேற்ற ஒரு மாலை போதுமாயிருந்தது. மற்றதற்கு, அச்சிட்டை அகப்படும் வரை எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது ஒவ்வொரு வாரமும் வந்திறங்கியதும் அம்மா முதலிற் கேட்பது பரீட்சையைப் பற்றியன்று, “பிரேக்கப் பாத்தியா?” என்பதுதான். பார்த்துவிட்டே பதில் சொல்கிறேன்.