ஒரே கயிற்றில் இருவர்

சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்னும் மலையூரிலுள்ள அருங்காட்சியகத்தில் அறுந்த கயிறொன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மிக மெல்லிய கயிறு. 1865 ஜூலை 14 அன்று எட்வர்டு விம்பர் உள்ளிட்ட எழுவர், 4478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டினர். இறங்கும்போது 19 வயது இளைஞர் ஒருவர் தடுமாறினார். மிஷேல் குரோ என்னும் வழிகாட்டி தம் பனிக்கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்விளைஞரின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பற்றிப் பாறைப் பிளவுகளில் ஊன்றச் செய்தார். சற்றுநேரத்தில் இளைஞர் வழுக்கி அவர்மீதே விழுந்தார். நால்வர் மாண்டனர், கயிறு அறுந்ததால் மூவர் பிழைத்தனர்.

வழிகாட்டி என்னும் சொல்லை நாம் எளிதாகக் கையாள்கிறோம். வழியைக் காட்டுவது அத்தொழிலில் பாதிகூட இல்லை என்பதை அதே மலையில்தான் அறிந்தேன்.

ஹோர்ன்லி விடுதி 3260 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விடியலுக்கு முன்பே, தலைவிளக்கின் ஒளியில் புறப்பட்டோம். அம்முகட்டில் ஒரு வழிகாட்டிக்கு ஒருவர்தான். பலரைப் பிணைத்தால் ஒருவரின் சறுக்கல் அனைவரையும் இழுத்துவிடும். கடினமான இடங்களில் அவர் முன்னேறிச் சென்று, பாறை முனையிலோ இரும்புக் கழியிலோ கயிற்றைச் சுற்றிக்கொண்டு, "இப்போது வாருங்கள்" என்பார். எளிய இடங்களிலோ கயிற்றைக் கையிலேயே பிடித்திருப்பார். அங்கே நான் விழுந்தால் அவரைத் தாங்க மலையில் எதுவுமில்லை. முதல்நாள்வரை அறிமுகமில்லாத என்னை நம்பி அவர் உயிர் இருந்தது. அவர் என் முகத்தைவிடக் கால்களையே மிகுதியாகப் பார்த்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

4003 மீட்டர் உயரத்தில் சோல்வே என்னும் சிறு அடைக்கலக் குடில் உண்டு. அதன் வாயிலில் நின்று மேற்கே திரண்ட முகிலையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். உச்சிக்கு இன்னும் 475 மீட்டர்தான். எனக்கோ வலிமை மிச்சமிருந்தது.

"திரும்புவோம். இறங்கவும் ஏறிய அளவு நேரம் வேண்டும்" என்றார்.

நான் வாதிட்டேன். அவர் மறுமொழி கூறாமல் என் இடுப்பு முடிச்சைச் சரிபார்த்தார். ஏமாற்றம் கசந்தது, இன்றும் முழுதாகத் தீரவில்லை.

இறங்கும்போது நான் முன்னே, அவர் பின்னே. "இடக்கால்... இன்னும் கீழே... அங்கே ஊன்றுங்கள்" என்னும் குரல் மேலிருந்து வந்துகொண்டேயிருந்தது. பாதி வழியில் பனித்தூறலும் சேர்ந்துகொண்டது.

விடுதியை அடைந்ததும் அவர் உணவுக்குச் செல்லவில்லை. ஈரக் கயிற்றை மடியில் இட்டு, விரலால் தடவித் தடவிச் சாண்சாணாக ஆராய்ந்துகொண்டிருந்தார். மறுநாள் அவருடன் ஏறவிருந்தவர் எதிர்மேசையில் அமர்ந்து, தம் காலணியின் நாடாவைக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.