மழைக்கும் வெயிலுக்கும் ஒரு வண்டி

களனி ஆற்றைக் கடந்து நீர்கொழும்பு வீதியால் போனால் பேலியகொடைக்கு அடுத்து வருவது வத்தளை. கம்பஹா மாவட்டம் என்றாலும் இங்குள்ளவர்கள் பலருக்கு வேலையும் வியாபாரமும் கொழும்பில்தான். யுத்தத்தால் இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பல, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையைப் போல இங்கும் வாடகை வீடுகளில் குடியேறின.

தெற்கே ஆறு, மேற்கே கடல், ஊரூடாக ஹமில்டன் கால்வாய், வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம். பெய்த மழை வடிந்தோட இடமில்லை. குளிர்காலம் என்று ஒன்று இங்கில்லை. எங்களைச் சோதிப்பவை ஒக்டோபர், நவம்பர் மாதங்கள்தாம். காலையில் நல்ல வெயில் எறிக்கும். பின்னேரம் இடி முழங்கி வீதி வாய்க்காலாகிவிடும்.

பிள்ளையை ரியூசனில் இறக்கி, தைத்த உடுப்பைக் கடையில் கொடுத்து, வேலைக்கும் போகிற பெண் எதில் போவது? 240 பஸ் மலிவு, ஆனால் ஒழுங்கைக்குள் வராது. முச்சக்கரவண்டியில் நனையாமல் போகலாம். தினமும் பிடித்தால் உழைப்பில் பாதி அதற்கே போய்விடும். சிறிய ஸ்கூட்டர்தான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கொடுத்தபோது, அருகில் ஓடித்திரியும் ஸ்கூட்டருக்கு அது காணும்.

பெற்றோல் தடை இருந்த தொண்ணூறுகளில் பிள்ளையையும் விறகையும் ஏற்றி லுமாலா சைக்கிள் மிதித்தவர்கள் நாங்கள். சமநிலை எமக்குப் புதிதல்ல. கணவனை இழந்தவளுக்கு ஸ்கூட்டர் எதற்கு என்று கேட்கும் உறவினர் உண்டு. அவர்கள் ஓட்டோக் காசு தருவதில்லை! மழை விட்ட மாலையில் ஹெந்தளைப் பக்கம் கடற்காற்றில் ஓடிப் போகும் சந்தோஷமும் வேண்டியதுதானே.

100 சீ.சீ.க்கு உட்பட்ட ஸ்கூட்டருக்கு ஏ1 அனுமதிப்பத்திரம் போதும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியது. இருந்தும் பழைய வண்டி வாங்குவோரும் உண்டு. டயரின் தேய்வையும் பிரேக்கையும் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்த்து வாங்குங்கள்.

மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம்தான் மோசம். வீதியில் படிந்த எண்ணெய் கிளம்பி வழுக்கும். அந்த நேரம் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். ஸ்கூட்டரின் சில்லு சின்னது, தண்ணீருக்கடியில் உள்ள குழி தெரியாது. அரைச் சில்லுக்கு மேல் நீர் நின்றால் இறங்க வேண்டாம். உள்ளே நின்றுபோனால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். நீரைக் கடந்த பின் மெதுவாக ஓடியபடி பிரேக்கை இலேசாகப் பிடித்துப் பிடித்து உலர்த்த வேண்டும். பின்னால் இருப்பவர் குடை பிடிப்பது ஆபத்து. காற்சட்டையும் மேற்சட்டையுமாக வரும் மழைக்கோட்டே நல்லது. பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் தலைக்கவசம் போடுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி பெருகியபோது கரையோரப் பகுதிகளில் படகுதான் ஓடியது. ஆற்று மட்டம் உயர்கிறது என அறிவித்தால் ஸ்கூட்டரை அன்றே மேட்டுப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதியில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது.