கிளச் தேய்வது எதனால்?

இம்மடலில் வழக்கமாக உடல்நலம் பற்றி எழுதும் நான் இம்முறை மோட்டார் விஷயம் எழுதுகிறேன், அன்பர்கள் பொறுத்தருள்க. ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஊன்ட்ரொப் வீதிகளில் கார்கள் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போகும்போது ஒரு கருகல் மணம் வரும். கற்பூரம் அல்ல, கிளச்!

என் காரைப் பார்க்கும் மெக்கானிக் இளைஞர், நல்ல கைகாரர். சென்ற சேர்விசின்போது அவர் எனக்கு ஒரு புத்திமதி சொன்னார். "ஹெர் டொக்டர், எஞ்சினை 2500 சுற்றுக்குக் கீழே விடாதீர்கள். குறைந்த சுற்றில் ஓடினால் கிளச் சீக்கிரம் தேய்ந்துவிடும்." நம்மவர் பலருக்கும் இதே புத்திமதி கிடைத்திருக்கிறது என்று பின்னர் விசாரித்தபோது அறிந்தேன். கேட்டு வந்த ஒரு பிள்ளை, லைசென்ஸ் எடுத்து மூன்று மாதமும் ஆகவில்லை, ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சினை உறுமவிட்டுப் புறப்படுகிறான். கிளச் மாற்றப் போனால் ஆயிரம் யூரோவுக்கு மேலும் போகக்கூடிய காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

எனக்கு அந்த வார்த்தை செரிக்கவில்லை. மூட்டு தேய்வதானாலும் தட்டு தேய்வதானாலும் இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று உராய வேண்டும். கிளச்சில் எஞ்சினோடு சுற்றும் பக்கம் ஒன்று, கியர்பெட்டியோடு சுற்றும் தட்டு ஒன்று. காலைப் பெடலில் இருந்து முழுதும் எடுத்துவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே வேகத்தில் சுற்றும். அப்போது சுற்று 1300 ஆனாலும் 4000 ஆனாலும் தட்டில் உராய்வு இல்லை. உராயாத தட்டு எப்படித் தேயும்?

தேய்வது புறப்படும்போதுதான். இங்கே சாரதிப் பள்ளியில் கிளச் பிடிக்கத் தொடங்கும் இடத்தை 'ஷ்லைஃப்புங்க்ட்' என்கிறார்கள். உராயும் புள்ளி என்று பொருள். பெயரிலேயே விடை இருக்கிறது. முதல் கியரில் 1500 சுற்றுக்குக் கார் மணிக்குச் சுமார் 11 கிலோமீற்றர் போகும். அந்த வேகத்தைக் கார் எட்டும்வரை தட்டு வழுக்கும். 3000 சுற்றில் வைத்துப் புறப்பட்டால் 22 கிலோமீற்றர் வரும்வரை வழுக்க வேண்டும். சமதரையில் எஞ்சினை ஒரே சுற்றில் வைத்துப் புறப்படும்போது, எஞ்சின் செய்யும் வேலையில் பாதி காரை நகர்த்தும், மறுபாதி கிளச்சில் சூடாகும். அந்தச் சூடு சுற்றின் இருபடியாக ஏறும். சுற்று இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு! ஆகவே அந்தப் பிள்ளை செய்வது கிளச்சைக் காப்பது அல்ல, எரிப்பது.

இதை அடுத்த முறை அவரிடமே மெல்லக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, தான் நினைத்தது தட்டை அல்ல, அதன் பின்னால் உள்ள பறக்கும் சில்லை என்றார். அங்கே அவர் பக்கமும் நியாயம் உண்டு. பியூல் நகரத்து லூக் கம்பனி 1985இல் உற்பத்தியைத் தொடங்கிய இரட்டைச் சில்லு இன்று பெரும்பாலான டீசல் கார்களில் உண்டு. இரண்டு பாரங்கள், நடுவே சுருள்வில்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 1200 சுற்றில் செக்கனுக்கு 40 அடிதான். அடிகளுக்கிடையே இடைவெளி கூடி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக உலுக்கும். அந்த நேரத்தில் ஐந்தாம் கியரிலேயே அக்சிலேட்டரை அழுத்தினால் வில்கள் அல்லற்படும். கியரைக் குறைத்துவிட்டு அழுத்த வேண்டும். மெதுவாக, அழுத்தாமல் ஓடினால் குறைந்த சுற்றில் கெடுதி இல்லை, எண்ணெயும் மிச்சம்.

ஆக, சொன்ன எச்சரிக்கை ஓரளவு சரி, சொன்ன காரணம் பிழை. காரணம் பிழைத்தால் மருந்து எதிர்மாறாகப் போய்விடும். கால்வலிக்கு என்று அயலார் சொன்ன குளிசையை எடுத்து வயிற்றுப்புண்ணோடு வருபவர்களை நான் எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்!

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உதிரிப்பாகம் கிடைக்காத அந்நாளில் கிளச் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுபவருக்கு என்ன ஏச்சு விழும் என்று அவர்களைக் கேளுங்கள். ஏற்றத்தில் காரைக் கிளச்சில் பிடித்து நிறுத்தாமல் ஹான்ட்பிரேக்கை இழுங்கள். தேர் நெரிசலில் முன்கார் நகர்ந்தவுடன் நீங்களும் ஓரடி நகர வேண்டியதில்லை. நாலு கார் நீளம் விட்டுப் பின் ஒரேயடியாக நகருங்கள். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும்.

நிற்க. வைத்தியன் என்ற முறையில் இன்னொன்று. முன்னாளில் கிளச் தட்டிலும் பிரேக்கிலும் அஸ்பெஸ்டஸ் இருந்தது. ஜேர்மனியில் அது 1993இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கராஜ்களில் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதித் தள்ளுவார்கள். நுரையீரல் உறையில் அதனால் வரும் புற்றுநோய் முப்பது நாற்பது ஆண்டு கழித்தும் தலைகாட்டும். இந்நாட்டில் 1977 முதல் அது தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. ஊரிலோ இங்கோ அக்காலத்தில் கராஜில் வேலை செய்த அன்பர்கள், மூச்சு இளைப்போ நெஞ்சு நோவோ வந்தால், வீட்டு வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே அதைச் சொல்லுங்கள். எத்தனை வருடம், என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.